கடல் தண்ணீரில் ஆறிய கொளுக்கி

புருஷனுக்கான இத்தா முடிந்த மறுநாளே ஷாமிலா ஜவ்பரின் வெல்டிங் கடைக்கு வந்துவிட்டாள். நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்தவள், வெளியே வந்து முதலில் மிதித்த படி இதுதான். கையிலிருந்த துணிப் பொட்டலத்தை மேசையில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே இரண்டாய் முறிந்த இரும்புக் கொளுக்கி கிடந்தது.

ஜவ்பர் பார்த்ததுமே அடையாளம் கண்டான். அந்தக் கொளுக்கியில்தான் சங்கிலி மாட்டி, ரிஷாத்தின் உழவு இயந்திரம் படகைக் கரைக்கு இழுத்தது. கொளுக்கி முறிந்து, சங்கிலி திரும்பி அடித்ததில் அவள் புருஷன் ஹஸ்மி அந்த மணலிலேயே மௌத்தானான். ரிஷாத் வெடுக்கென்று இழுத்ததுதான் காரணம் என்று கிண்ணியா முழுக்க ஒரே கதை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜவ்பரும் அந்தக் கதைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து கடையில் ஒரு சுத்தியல் விழுந்தாலும் அவனுக்கு அந்தச் சங்கிலிதான் கேட்கிறது. சோற்றுக் கோப்பையில் கரண்டி பட்டாலும் அதேதான். பாவி மனுசன், கடைக்குள் தண்ணீர் வாளியே வைப்பதில்லை.

"நாநா, நீங்க இரும்போட பழகின ஆள். பார்த்துச் சொல்லுங்க," என்றாள் ஷாமிலா. "ரிஷாத் இழுத்த இழுவையிலதானே இது போன?"

பார்க்க என்ன இருக்கிறது! இழுவையில் போகும் கொளுக்கி முதலில் வாய் விரியும், வளையும், ஆள் விலகி ஓட நேரம் கொடுக்கும். இது துளியும் வளையவில்லை. நாலு மாசத் துருவுக்குள்ளும் முறிந்த இடம் சீனி போல மணிமணியாய்த் தெரிந்தது. சிவக்கக் காய்ந்த இரும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் அதற்குக் கண்ணாடி போல உடையும் குணம் வந்துவிடும். இந்தக் கொளுக்கியைக் காய்ச்சி வாயை விரித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தவன் ஹஸ்மிதான். "கெதியாத் தாங்க, போட் காத்திருக்கு" என்று அவசரப்பட்டான். சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும் என்று ஜவ்பருக்குத் தெரியும். தெரிந்தே கடல் தண்ணீர் வாளிக்குள் போட்டான்.

இப்போது "ஓம்" என்று ஒரு சொல் போதும். அவள் எழும்பிப் போய்விடுவாள், பழி ரிஷாத்தின் தலையிலேயே நிலைத்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். காதுக்குள் சங்கிலி அடித்தது.

"இல்ல புள்ள," என்றான். "ரிஷாத்தில பிழையில்ல. சூட்டோட தண்ணிக்குள்ள போட்டது நான். ஹஸ்மிட மௌத்துக்கு நான்தான் காரணம்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவளோ கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒவ்வொரு தொழுகையிலயும் ரிஷாத்துக்குத்தான் பத்துவா கேட்டன், சாபம் போட்டன்," என்றாள். "என்ட வயிறு எரியிற மாதிரி அவன்ட பெண்டாட்டிட வயிறும் எரியணும் எண்டு கேட்டன்."

ஜவ்பர் முறிந்த துண்டுகளைத் துணியால் மூடினான்.

"நேத்துத்தான் அவங்கட பச்சப் புள்ளைய அடக்கினாங்க, நாநா. கேட்டத நான் எப்பிடித் திருப்பி எடுக்கிற?"