வலது மூலைப் பெட்டி

என் சார்ட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது காலையில் லேப்டாப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் இடது பக்கம் இருந்த லெஜெண்ட், வலது மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. எந்த நிறக் கோடு எந்த ஊர் போர்வெல் என்று சொல்கிற சின்னப் பெட்டிதான் அது. ஆனால் அதற்கு அடியில்தான் வைத்திக்குப்பத்தின் சிவப்புக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. தண்ணீரில் உப்பு ஏறுகிற கணக்கு அது. வைத்திக்குப்பம் என் ஊர். என் வீட்டிலும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் இரண்டே பேர், நானும் முதலாளி லூர்துபிரகாஷும். எங்கள் குப்பத்தை ஒட்டி எழும்பியிருக்கும் விடுதிக்கு இன்னொரு போர் போட வேண்டுமாம். அதற்கான தண்ணீர் அறிக்கையைத் தயாரிக்கிற வேலையை விடுதிக்காரர்கள் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் அதைக் காட்ட வேண்டும்.

சார்ட் வரைகிற பைத்தான் நிரலில் 'பெஸ்ட்' என்று கொடுத்தால், கோடுகளை மறைக்காத காலி இடமாகப் பார்த்து லெஜெண்ட் தானே போய் உட்காரும். நான் அப்படித்தான் கொடுத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் 'அப்பர் ரைட்', அதாவது வலது மேல் மூலை, என்று இருந்தது. போதாததற்கு, பின்னால் ஒன்றுமே தெரியாதபடி பெட்டிக்குள் வெள்ளை நிறம் வேறு. தானாக நடக்கிற வேலையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், லெஜெண்ட மாத்துனீங்களா?"

"ஆமாம்மா. அங்கதான் லட்சணமா இருக்கு."

"கோட்ட மறைக்குதே சார்."

"அப்படியா? கவனிக்கலியே. சரி, சார்ட்டுக்கு வெளில வலது பக்கமா வச்சிடு. எதையும் மறைக்காதுல்ல?"

எழுத்து பெரிசு, சிறிசு என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிற மனுஷன், இதற்கு மட்டும் எப்படி உடனே இறங்கி வந்தார்? அன்றைக்கு டீயும் அவரே வாங்கிவந்தார். அது இன்னும் மோசமாகப் பட்டது. பெட்டியை வெளியே தள்ளி, கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அவருக்கு அனுப்பினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மகளின் கைக்குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறவர் அவர். லூர்துபிரகாஷ் மைக்கைப் பிடித்தார். திரையில் என் சார்ட் வந்தது.

லெஜெண்ட் சமர்த்தாக வெளியே நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் சிவப்புக் கோடு எங்குமே ஏறவில்லை. மற்றக் கோடுகளோடு சாதுவாகப் போய் முடிந்துவிட்டது. கீழே மாதங்களைப் படித்தேன். டிசம்பரோடு சரி. ஏப்ரல் வரை நான் போட்டிருந்த கடைசி நாலு மாதங்களைக் காணோம். அடிப்பாவி, இதைப் பார்க்காமல் விட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். படத்தின் அடியில் பொடி எழுத்தில் 'தயாரிப்பு: சுடர்விழி' என்று என் பேர் வேறு.

அஞ்சலாட்சி அக்கா எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டார்.

"நீ போட்ட படமாடி சுடரு? அப்ப நம்ம தண்ணி நல்லாத்தான் இருக்கா? புள்ளைக்குக் கேன் வாங்கறத நிறுத்திடவா?"

"ஐயோ, நிறுத்தாதக்கா!"

நான் கத்தியதில் கூடமே திரும்பிப் பார்த்தது. எழுந்துவிட்டேன்.

"சார், கடைசி நாலு மாசம் எங்க?"

லூர்துபிரகாஷ் சிரித்தபடியே மைக்கில் சொன்னார். "பெட்டிய வெளில வைக்கணும்னு நீதானேம்மா நின்ன? இடம் பத்தல. அதான் ஓரத்துல கொஞ்சம் வெட்டிட்டேன்."

"வெளில வைக்கச் சொன்னதே நீங்கதான சார்? படத்த அகலமாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"சுடர்விழி, உக்காரு. நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

"வரலன்னா போவுது. நீங்க வெட்டிப்போட்டீங்களே, அந்த நாலு மாசமும் நாங்க குடிச்ச தண்ணி சார் அது."