ஆடிட்டுக்குத் தயாரான கட்டில்

பொங்கியண்ணன் காலமெல்லாம் மண்ணரை என்ற ஊரில் பனியன் கம்பெனி நடத்தியவர். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரன், கம்பெனியில் பாதுகாப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஆடிட்டுக்கு வருகிறான் என்றால் முந்தின நாளே ஓட்டைகளை மறைத்து, டெய்லர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுத்து, ஒரு தடவைகூட மாட்டாமல் தப்பித்தவர். அந்தத் திறமையை இப்போது, சாகக் கிடக்கிற நேரத்தில், நர்ஸிடம் காட்டிக்கொண்டிருந்தார். அதுதான் அவர் மனைவி தெய்வாத்தாளுக்குத் தாங்கவில்லை.

புற்றுநோய்க்கு இனி வைத்தியம் இல்லை, வீட்டிலேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றுதான் டாக்டர் வாராவாரம் நர்ஸ் ஆஷாவை அனுப்பினார். இவரோ அதை ஆடிட் என்றே முடிவுகட்டிவிட்டார். பெயிலானால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் சொருகிவிடுவார்களாம்.

ஆகவே ஆஷா வருகிற நாளென்றால் கல்யாண வீட்டு வேலை. முகச்சவரம், சலவை வேட்டி, புது விரிப்பு. கம்பெனியிலிருந்து தீயணைப்பு சிலிண்டர் ஒன்று வந்து கட்டில் தலைமாட்டில் நின்றது. குளியலறைக் கதவில் ‘அவசர வழி’ என்று ஒரு பலகை. அந்த வழியாகப் போனால் கக்கூஸுக்குத்தான் போகலாம்.

“ஏ தெய்வா, மேடம் கேட்டா என்ன சொல்லோணும்?”

“ராத்திரி நல்லாத் தூங்கறாரு. வலி இல்ல. வவுறாரச் சாப்புடறாரு.”

“கேக்காததைச் சொல்லப்படாது.”

ராத்திரியெல்லாம் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டபடி கிடந்தவள் அவள். என்ன மனுஷன் இது என்று கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஆஷா வந்தாள். நெல்லைப் பக்கத்துப் பிள்ளை. சிலிண்டரையும் பலகையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“ஐயா, சைபர்ல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க, வலி எவ்வளவு இருக்கு?”

“சைபருங்க மேடம்.” சொல்லும்போதே நெற்றியில் வேர்வை.

“அம்மா, நீங்க என்ன சொல்லுதீங்க?”

தெய்வாத்தாள் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தாள். “ராத்திரி நல்லா...” சட்டென்று கட்டிலைக் கைகாட்டினாள். “பொய்யிங்க கண்ணு! அத்தனையும் பொய்! இந்த மனுசன் ராத்திரியெல்லாம் துடிக்கறாருங்க. நீ வர்றப்ப மட்டும் வேசம் கட்டறாரு. இந்த சிலிண்டருகூடக் காலிங்க!”

“அடிப்பாவி, போட்டுக் குடுத்துட்டயே!” என்று பொங்கியண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். வலியில் முகம் கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

ஆஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். “ஐயா, வலி இருக்குன்னு சொன்னா யாரும் உங்கள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ மாட்டாவ. நீங்க இந்தக் கட்டில்லயே இருக்கணும்னுதான் நான் வாரேன். மறைச்சீங்கன்னா நான் வந்து என்ன பிரயோசனம்?”

பொங்கியண்ணன் மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அப்பொ... ஒம்பதுங்க மேடம்.”

ஆஷா டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்னபடி மருந்தின் அளவைக் கூட்டினாள். எப்படிக் கொடுப்பது என்று தெய்வாத்தாளுக்குக் காட்டிக்கொடுத்து, பொங்கியண்ணன் கண் அயரும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியானம் வீடு கம்மென்று இருந்தது. முனகல் இல்லை. இந்த அமைதிக்காக அவள் வேண்டாத சாமியில்லை. அது வந்ததும் பயம்தான் வந்தது. கிட்டப் போய் அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் வைத்தாள். அடுத்த தடவை அவர் கண்ணைத் திறக்காமலே அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

“சும்மா சும்மா செக் பண்ணாத. போறப்ப உங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போவேன். வந்து படு.”

இதுவும் பொய்தான் என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் பக்கத்தில் படுத்தாள்; படுத்ததும் தூங்கிப்போனாள்.