ஒரு டீ குடிக்கிற நேரம்

ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் கெர்ரினின் கணவன் டூகல் சொன்னான். மெல்பர்னிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிற டார்வினுக்குக் காரில் போகிற வழியில், பர்க் ஊருக்கு மேற்கே, அவன் சித்தப்பாவின் ஆட்டுப்பண்ணை. 'வழியில்' என்பது டூகலின் கணக்கு. தார்ச்சாலையை விட்டு மண்சாலையில் அரை நாள் உள்ளே போக வேண்டும். திங்கட்கிழமை கெர்ரின் டார்வின் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகச் சேர வேண்டும். வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வாங்கிய வேலை.

டீ ஆறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கரிசல் பூமியில் மழை விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள். மீறி ஓட்டினால் அபராதம். அதைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். ஈரச் சாலையில் தடம் பதித்துக் கெடுத்தவன் என்ற பேர் செத்தாலும் போகாது.

வருஷக்கணக்கான வறட்சிக்குப் பிறகு வந்த மழை. கிளாரி சித்தப்பா தொப்பி இல்லாமல் வெளியே நின்று நனைந்தார். அந்த வீட்டில் 'எப்போது நிற்கும்' என்று கேட்பது கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கிற மாதிரி. கெர்ரின் ஜன்னலோரம் ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

"வானத்தப் பாத்துப் பெருமூச்சு விடாத கண்ணு, கோவிச்சுக்கிட்டுப் போயிடப்போகுது," என்றாள் நோலீன் சித்தி. அவள் சிரித்தாள்தான், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வேளாவேளைக்கு ஆட்டுக்கறி. வேளாவேளைக்கு ஒரே பேச்சு.

"எங்களுக்கோ புள்ளைகுட்டி இல்ல. எனக்கப்புறம் இத யாருடா பாப்பா?" என்பார் சித்தப்பா, டூகலின் தட்டைப் பார்த்து.

டூகல் முதலில் சித்தப்பாவின் பூட்ஸை இரவல் வாங்கினான். பிறகு தண்ணீர் பம்பைப் பிரித்து மாட்டினான். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நம்ம ஆடுங்க," என்றான். கெர்ரின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அவளுக்கோ மூச்சு முட்டியது.

வெயில் வந்ததும், "ரோடு?" என்று கேட்டாள்.

"இன்னும் காயல. நாளைக்குப் பாக்கலாம்," என்றான் டூகல்.

வெள்ளிக்கிழமை காலை தபால் வண்டி வந்தது. சக்கரமெல்லாம் புழுதி, பேருக்குக்கூடச் சேறு இல்லை.

"ரோடு மூடியிருக்கே, எப்படி வந்தீங்க?" என்று வண்டிக்காரரிடம் கேட்டாள்.

"நேத்து மத்தியானமே தொறந்துட்டாங்களேம்மா. டூகல்கிட்ட நாந்தான் போன்ல சொன்னேன்."

உள்ளே வந்து சொன்னபோது சமையலறையில் யாருமே ஆச்சரியப்படவில்லை. நோலீன் சித்தி கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

"சாவியக் குடு," என்றாள் டூகலிடம்.

"சொல்லத்தான் இருந்தேன் கெர்ரின்."

"எப்ப? திங்கக்கிழமைக்கு அப்புறமா?"

அவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வந்துவிட்டான் என்று கெர்ரினுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இத்தனைக்குப் பிறகும் அப்படித் தோன்றியதில் அவளுக்கே தன்மேல் எரிச்சல்.

பண்ணையின் எல்லையில் கேட். ஓட்டுகிறவர் இறங்குவதில்லை, பக்கத்தில் இருப்பவர் இறங்கித் திறந்து, கார் தாண்டியதும் மூடிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். டூகல் இறங்கித் திறந்தான். அவள் காரை வெளியே கொண்டுவந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

பின்னால் கேட் மூடும் சத்தம் கேட்டது. சங்கிலியை மாட்டும் சத்தமும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். டூகல் கேட்டுக்கு அந்தப் பக்கம், பண்ணைக்குள் நின்றுகொண்டிருந்தான்.

கெர்ரின் எட்டி, இடதுபக்கக் கதவைச் சாத்தினாள்.