கொஞ்சம் ஆடும்

நியூயார்க்கில் நாவல் போட்டு விற்பவர்கள் எத்தனையோ பேர். எழுதத் தெரிந்த ஆளைப் பிடித்து எழுத வைப்பது அவர்கள் வழி. மோர்ட்டி செல்னிக் வழி வேறு. ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிற நிஜ விஞ்ஞானியைப் பிடித்து விண்வெளிக் கதை எழுத வைப்பார். அவர் போட்ட புத்தகம் எதை எடுத்தாலும் அட்டையில் இந்த வாசகம் இருக்கும்: ‘எழுதியவர் விஞ்ஞானி. உள்ளே ஒரு பிழைகூட இல்லை.’ அந்த வாசகத்தில்தான் கடையே ஓடியது.

விஞ்ஞானிகளோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. காதலியை மூன்று வரியில் சாகடித்துவிட்டு, அவள் ஏறிவந்த ராக்கெட்டின் எரிபொருளுக்கு மூன்று பக்கம் ஒதுக்குவார்கள். வேதியியல்காரர் ஒருவர் ‘அவள் ஏறத்தாழ அழகாக இருந்தாள்’ என்று எழுதிவிட்டு, அந்த ‘ஏறத்தாழ’வை எடுக்கவே மாட்டேன் என்றார். அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி.

இந்தக் கூட்டத்தில் டாக்டர் ஆர்டன் விட்காம் ஒருவர்தான் மனிதர்களைப் பற்றியும் எழுதியவர். அரிசோனா மலைமேல் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக நிலாவுக்கு வரைபடம் போடுகிறவர். அவருடைய நாவலில், நிலாவில் இருக்கிற நிலையத்தில் கேல் என்ற மெக்கானிக் தனியாக மாட்டிக்கொள்கிறான். ரேடியோ எரிந்துபோகிறது. காற்று குறைந்துகொண்டே வருகிறது. கடைசிப் பக்கத்தில் ஜன்னலின் எஃகுக் கதவைத் திறக்கிறான். குன்றுக்குப் பின்னாலிருந்து நீலமாகப் பூமி உதிக்கிறது. “வந்துட்டியா?” என்கிறான். அவ்வளவுதான் கதை. செல்னிக் அந்தப் பக்கத்தைக் கையெழுத்துப் பிரதியில் படித்தபோது ரயிலில் இருந்தார். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டார். அவருக்கு அப்படி நடப்பதில்லை.

அந்த நாவலுக்கு மலிவுப் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் புத்தகம் அச்சு ஏறப்போகிறது என்கிற நிலையில், அரிசோனாவில் இருக்க வேண்டிய விட்காம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். செல்னிக் அவரைக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனார்.

“பாஸ்ட்ராமி சாண்ட்விச் சொல்லட்டுமா டாக்டர்?”

“பசி இல்லை மோர்ட்டி.”

“அவ்ளோ தூரம் ரயில்ல வந்துட்டு பசி இல்லைன்னா, சேதி கெட்ட சேதி. சொல்லுங்க.”

விட்காம் கடைசிப் பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பூமி உதிக்காது.”

“எந்த பூமி?”

“நாம உட்கார்ந்திருக்கிற பூமிதான். நிலாவுல நின்னு பாத்தா அது உதிக்காது. எழுந்திருங்க. நான் பூமி, நீங்க நிலா. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு என்னைச் சுத்தி வாங்க.”

விஞ்ஞானி சொன்னால் செய்துவிடுவது செல்னிக் வழக்கம். வாதாடினால் நேரம்தான் போகும். முகம் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்து நாற்காலியைச் சுற்றினார். ஊறுகாய்த் தட்டோடு வந்த கிழட்டு சர்வர் லூயி வழி கிடைக்காமல் நின்றான்.

“என்ன மோர்ட்டி, கல்யாணமா? நம்ம யூதக் கல்யாணத்துல பொண்ணுதானே மாப்பிள்ளையைச் சுத்தணும்? முக்காடு எங்கே?”

“போய் வேலையைப் பாரு லூயி. நான் இப்ப நிலா.”

“நிலாவா இரு, யாரா வேணா இரு. தட்டு வைக்க வழி விடு.”

செல்னிக் உட்கார்ந்தார். விட்காம் கேட்டார்: “சுத்தி வந்தீங்களே, என் மூஞ்சி எங்கேயாவது மறைஞ்சுதா?”

“இல்லையே. நேர் எதிர்லேயே இருந்துது.”

“அதான் விஷயம். நிலா எப்பவும் ஒரே பக்கத்தைத்தான் நமக்குக் காட்டுது. அந்தப் பக்கத்துல நிக்கறவனுக்கு, பூமி வானத்துல ஆணி அடிச்சு மாட்டின மாதிரி ஒரே இடத்துல தொங்கும். உதிக்கவும் உதிக்காது, அஸ்தமிக்கவும் அஸ்தமிக்காது.”

“இது உங்களுக்குத் தெரியாதா?”

“பாடமே நடத்தியிருக்கேன்.” விட்காமின் காது மடல் சிவந்தது. “ஆனா முப்பது வருஷமும் இங்கேர்ந்துதானே பாத்தேன்? இங்கே தினமும் நிலா உதிக்குது. எழுத உட்கார்ந்ததும், அதே பழக்கத்துல அங்கே பூமியை உதிக்க விட்டுட்டேன். போன வாரம் எங்க ஊர் மாதர் சங்கத்துல இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாங்க. பாதியில எனக்கே உறைச்சுது. வாயடைச்சு நின்னுட்டேன். உணர்ச்சிவசப்பட்டுட்டேன்னு நெனச்சு எல்லாரும் கை தட்டினாங்க.”

“பாத்தீங்களா! கை தட்டினாங்க! இத்தனை பேர் படிச்சிருக்காங்க, ஒருத்தன் கண்டுபிடிக்கலை.”

“நான் கண்டுபிடிச்சுட்டேனே.”

செல்னிக் ஊறின வெள்ளரிக்காய் ஒன்றைக் கடித்தார். யோசிக்கும்போது அவருக்கு வாயில் ஏதாவது இருக்க வேண்டும். “கேல் கனவு கண்டான்னு வெச்சுக்கலாமா?”

“வேண்டாம்.”

“அப்ப அப்படியே விட்டுடுவோம். கதைதானே?”

“அப்படியே விடறதா இருந்தா என் பேரை எடுத்துடுங்க. இல்லைன்னா அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க.”

இரண்டில் எதுவும் செல்னிக்குக்குக் கட்டுப்படியாகாது. விஞ்ஞானி பெயர் இல்லாவிட்டால் அட்டை வாசகம் போச்சு. ஒரு புத்தகத்தில் போனால் மற்ற புத்தகங்களிலும் கேள்வி வரும். அந்தப் பக்கம் இல்லாவிட்டாலோ, மீதி இருப்பது ஒரு மெக்கானிக் மூச்சுத் திணறும் கதை.

செல்னிக்கின் அப்பா ஆர்ச்சர்ட் தெருவில் துணி விற்றவர். ‘வேண்டாம்’ என்கிற வாடிக்கைக்காரரின் வாயைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். கை இன்னும் துணிமேல் இருந்தால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். செல்னிக் விட்காமின் கையைப் பார்த்தார். அது அந்தப் பக்கத்தின்மேல்தான் இருந்தது. ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தது.

“சரி டாக்டர். உதிக்காது. ஒத்துக்கறேன். நகரவே நகராதா?”

“நகராது.”

“துளிகூட?”

வேறு எவனாக இருந்தாலும் ‘துளிகூட இல்லை’ என்று சொல்லி முடித்திருப்பான். விஞ்ஞானிக்கு அந்த வசதி கிடையாது.

“துளிகூட இல்லைன்னு சொன்னா அது சரியில்லை,” என்றார் தயங்கி. “கொஞ்சம் ஆடும்.”

“எவ்ளோ கொஞ்சம்?”

“நிலா போற பாதை சரியான வட்டம் இல்லை. ஒரு சமயம் வேகமாப் போகும், ஒரு சமயம் மெதுவா. அதனால அதோட முகம் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திரும்பும். வேண்டாம்னு மெள்ளத் தலையாட்டற மாதிரி. நடுவுல நிக்கறவனுக்கு, உச்சியில பூமி லேசா அசையறது தெரியும், அவ்வளவுதான். ஆனா ஓரத்துல…”

விட்காம் தட்டின் விளிம்பையே பார்த்தார்.

“ஓரத்துல என்ன?” செல்னிக் மெல்வதை நிறுத்திவிட்டார்.

“நமக்குத் தெரியற பாதியோட விளிம்புல நின்னா, பூமி சரியா அடிவானத்துலதான் இருக்கும். நிலா தலையாட்டினா கீழே இறங்கும். திரும்ப ஆடினா மேலே வரும்.” சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். “அந்த ஓரத்தை வரையறதுதானே மோர்ட்டி என் பொழைப்பே!”

“அப்ப நிலையத்தை ஓரத்துக்குத் தள்ளுங்க! முதல் அத்தியாயத்துல ஒரு வரி மாத்தினாப் போதும். உதிக்கட்டும்!”

“உதிக்கும். ஆனா மெதுவா. ரெண்டு வாரம் போல கீழேயே கிடக்கும். வர ஆரம்பிச்சா முழுசா வெளியில தெரிய ஒரு நாளுக்கு மேல ஆகும்.”

“ஒரு நாளா? என் வாசகன் அதுவரைக்கும் என்ன பண்ணுவான், சட்டை துவைப்பானா?” குரலை ஏற்றிவிட்டு, செல்னிக் தானே அடங்கினார். “இருங்க. பூமி கீழே இருக்கறப்ப ரேடியோ பேசுமா?”

“எப்படிப் பேசும்? குறுக்கே நிலாவே நிக்குதே.”

“அப்ப ஒன்பதாவது அத்தியாயத்துல ரேடியோவை எரிக்கவே வேண்டாமே!”

விட்காம் நிமிர்ந்தார். “அது எரிஞ்சது எனக்கே பிடிக்கலை. வேற வழி தெரியாம எரிச்சேன்.”

“எனக்கும்தான் பிடிக்கலை. மரியாதைக்காகச் சொல்லாம இருந்தேன்.”

“ரேடியோ நல்லா இருக்கு. பூமிதான் இல்லை,” என்று விட்காம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். “பூமி வரும்னு அவனுக்குத் தெரியும். அதுவரைக்கும் காத்து போதுமாங்கறதுதான் தெரியாது. லூயி! எனக்கு ஒரு பாஸ்ட்ராமி!”

“இப்பதான் மாப்பிள்ளைக்குப் பசி வந்திருக்கு,” என்றான் லூயி.

செல்னிக் மேலே போய் அச்சகத்தைக் கூப்பிட்டார். அச்சகக்காரர் போட்ட சத்தம் தொலைபேசியைத் தாண்டிப் பக்கத்து அறைக்குக் கேட்டது. அடுத்த புத்தகமும் உனக்குத்தான் என்று சத்தியம் செய்ததும் சத்தம் முனகலானது. இரண்டு நாள் கிடைத்தது.

இரண்டாம் நாள் மாலை விட்காம் மாற்றிய பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். உடனே போகவில்லை.

“இன்னும் ஒண்ணு மோர்ட்டி. அட்டை. ‘ஒரு பிழைகூட இல்லை’ன்னு போடக்கூடாது.”

“அடப் போங்க டாக்டர்! திருத்தியாச்சே!”

“இது எனக்குத் தெரிஞ்ச பிழை. தெரியாதது எத்தனையோ?”

“பிழை இருக்கலாம்னு அட்டையில போட்டு விக்கற மடையன் எங்கேயாவது உண்டா? சரி, உங்களுக்காக, ‘பிழை இல்லை’ன்னு மட்டும் போடறேன். ‘ஒரு’வை எடுத்துட்டேன்.”

“அது இன்னும் மோசம்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க.”

“‘தெரிந்தவரை பிழை இல்லை.’”

செல்னிக் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். சரக்கின்மேல் நம்பிக்கை இல்லாதவன் இப்படிச் சொல்ல மாட்டான் என்று பட்டது. கை நீட்டினார். விட்காம் குலுக்கிவிட்டு ரயிலுக்குப் போனார்.

செல்னிக் வீட்டுக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கங்களைப் பிரித்தார். அதில் கேல் அவசரமே படவில்லை. குன்றின் விளிம்பில் நகத்துண்டு போல ஒரு நீலக் கீற்று வந்தது. அதைப் பார்த்தபடி காப்பி போட்டான். சுவரில் சாய்ந்து தூங்கினான். விழித்தபோது கீற்று கொஞ்சம் தடித்திருந்தது. ரேடியோவில் இரைச்சல், இரைச்சல், அப்புறம் இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“வந்துட்டியா?” என்றான் கேல். பூமி இன்னும் கால்வாசிகூட வரவில்லை.

செல்னிக் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பார்த்தார். அவர் நிலையம் எப்போதோ போயிருந்தது. அடுத்ததில் இறங்கி, படி ஏறி எதிர்ப்பக்கம் போய், பலகையில் உட்கார்ந்தார். திரும்பும் வண்டி எப்போது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.