சர்வரைத் தெரியாத சிஸ்டம்

கட்டட வரைபட ஆபீஸ் முழுக்க எல்லாச் சிஸ்டமும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதுவும் எது? டெண்டர் அனுப்புகிற சிஸ்டம்! ஆபீசின் டிஜிட்டல் கையெழுத்து அதில் மட்டும்தான் பதிவாகியிருந்தது. பகல் பன்னிரண்டு அடித்தால் டெண்டர் மூடிவிடும். இப்போதே பதினொன்று தாண்டிவிட்டது.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. வரைபடம் போட வந்து சேர்ந்த நாத்தனார் வாய்க்கு வாய் அப்படிக் கூப்பிட்டு, ஆபீசுக்கே பழக்கிவிட்டாள்.

"அண்ணி, சர்வரே இல்லைங்குது! பக்கத்து சீட்டுல ஜம்முனு திறக்குது!"

"கேபிள் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மூச்சு விடுடி." மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடியலைன்னா விடுங்கம்மா. நான் போட்ட பழைய பிளான் ஒண்ணு இந்த சிஸ்டத்துலயே இருக்கு. அதையே அனுப்பிடலாம்."

நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று. ஆபீசின் படங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் சர்வரில் இருந்தது, இந்த டெண்டருக்கான ஒரு பள்ளிக்கூடத்தின் பிளான். யார் தயவும் இல்லாமல் அவள் தனியாகப் போட்ட முதல் பிளான். அதற்காக அவள் தூக்கத்தைத் தொலைத்ததை ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் அண்ணி. விடுவதாவது! புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சர்வரின் எண்ணைத் தட்டினாள். உடனே பதில் வந்தது. பெயரைத் தட்டினாள். அப்படி யாருமே இல்லை என்றது. ஆக, வழி இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை.

"அப்போ நம்பரை வச்சே திறங்களேன் அண்ணி!"

திறந்தாள். சுவர்கள் மட்டும் வந்து நின்றன. கதவு, ஜன்னல் எதையும் காணோம். அவற்றையெல்லாம் அந்தப் படம் சர்வரின் பெயர் சொல்லித்தான் எடுத்துக்கொள்ளும்; பக்கத்து சீட்டிலிருந்து பிரதி எடுத்துவந்தாலும் இதே கதிதான்.

"ஐயோ, புள்ளைங்க சுவரேறிக் குதிச்சா உள்ள போவாங்க?" நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் இணையத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் திறந்தது. அண்ணிக்கு அங்கேதான் பொறி தட்டியது. பெயர் சொன்னால் எண் சொல்ல ஆபீசுக்குள்ளேயே ஒரு பெட்டி உண்டு. அது பேசாவிட்டால் சிஸ்டம் வெளியே இருக்கும் இன்னொன்றைக் கேட்கும். அந்த வெளியாளுக்கு ஊர் உலகமெல்லாம் தெரியும், இந்த ஆபீஸ் சர்வரைத் தெரியாது! சரி, உள்ளே இருப்பது ஏன் வாய் திறக்கவில்லை?

அமைப்புகளைத் திறந்தாள். அந்தப் பெட்டியின் எண், போன வாரம் அவளே தன் கையால் அடித்தது. கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது.

"இதை யாரு தொட்டது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா. கூட்டிப் பாத்தேன், எட்டு வந்துச்சு. டெண்டர் நாளும் அதுவுமா... எட்டு எனக்கு ஆகாது. போன வாரம் நீங்க செஞ்சதைப் பாத்து வச்சிருந்தேன், அதே மாதிரி கடைசி இலக்கத்துல ஒண்ணே ஒண்ணு ஏத்தி விட்டேன்."

அண்ணிக்குக் கோபமும் சிரிப்பும் முட்டி மோதின. "சார், அது ராசி நம்பர் இல்ல, விலாசம்! ஆளில்லாத வீட்டைத் தட்டினா யாரு திறப்பா?"

இலக்கத்தைத் திருத்தினாள், சிஸ்டத்தின் பழைய ஞாபகத்தைத் துடைத்தாள், படத்தைத் திறந்தாள். கதவுகள் வந்தன! ஜன்னல்கள் வரிசையாக வந்தன! நாத்தனார் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி திரையை நோக்கிக் குனிந்தார். "ஜன்னல் ஏம்மா இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"உக்காந்திருக்கிற புள்ளைக்கும் வெளிய தெரியணும்ல சார்," என்றாள் நாத்தனார்.

அவர் அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெழுத்து ஏறியது. அனுப்பும் பொத்தான் மட்டும் மிச்சம். இத்தனை வருஷத்தில் அந்தப் பொத்தானை அவர் வேறு யாரையும் தொட விட்டதில்லை. அண்ணி எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டாள்.

அவர் அதை நாத்தனார் பக்கம் தள்ளினார். "நீங்களே அழுத்துங்கம்மா. உங்க பிளான்."

"நானா அண்ணி?"

"நீயேதான், அழுத்துடி!"

அழுத்தினாள். பெறப்பட்டது என்று திரை சொன்னது. அடுத்த நொடி அவள் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் தோளை நனைத்தாள்.