அக்காவின் முனகல் ஓகே ஆகவில்லை

1

இந்தக் கதையை ஒரு பத்திரிகை கேட்டு வாங்கியது என்று தொடங்கினால் கௌரவமாக இருக்கும். உண்மையில், குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்த அக்கா, "சும்மா நின்னு வேடிக்கை பாக்காம எதையாச்சும் எழுதுடி" என்று திட்டியதால் பிறந்தது.

செவ்வானம் மெல்ல மெல்லக் கசிந்து— [மாதவிடாய்க் கதையை இப்படித் தொடங்குகிறவளைச் செருப்பால் அடிக்கலாம்.]

வலி என்பது ஒரு— [கவிதை வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். அக்காவுக்குத் தொழில் டப்பிங். திரையில் கதாநாயகி அழுதாலும் பிரசவத்தில் கத்தினாலும் நோவது அக்காவின் தொண்டை.

2

அன்று கதாநாயகிக்கு வயிற்றில் குண்டு பாய வேண்டும். அக்காவுக்கோ வீட்டு விலக்கு. மைக் முன்னால் நின்றபோது நிஜமாகவே அடிவயிறு பிடித்திழுக்க, நிஜமாகவே முனகிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் சொன்னார்: "மேடம், கொஞ்சம் நடிப்பு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை போயிடலாமா?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வழக்கமான பொய் முனகல் ஒன்றைக் கொடுத்தாள்.

"சூப்பர் மேடம். இதுதான் நேச்சுரல்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் அவளுக்கு வலிக்கும்.

3

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் ஆக இருக்கலாம் என்பது அக்காவே படித்துத் தெரிந்துகொண்டது. கருப்பையின் உள்ளே இருக்கவேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று, அடங்காத வாடகைக்காரர் மாதிரி வெளியிலும் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. மாதவிடாயில் வலி, மலம் கழிக்கையில் வலி, கட்டிலில் வலி [அம்மா இதைப் படிப்பாள். படிக்கட்டும்], எப்போதும் அடித்துப்போட்ட அசதி. சிலருக்குக் குழந்தை தங்குவதும் சிரமம். இதைக் கண்டுபிடிக்கவே பலருக்கு வருடக்கணக்காகிறது.

குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருத்திக்கு இது இருக்கிறதாம். "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்பாள் அம்மா. அவள் மீதி ஒன்பதில் சேர்த்தி, அதுதான் சிக்கல்.

(அடிக்குறிப்பு, அடிக்குப் போகச் சோம்பல்பட்டு இங்கேயே: முதல் டாக்டர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஆனது, சரியாகவில்லை. இரண்டாவது டாக்டர், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். "புருஷனும் புள்ளையும்தான் மருந்துன்னா மெடிக்கல் ஷாப்ல ஏன் வைக்கல?" என்றார் அக்காவின் கணவர்.)

4

இவள் சொல்வதை ஏன் யாரும் நம்புவதில்லை? கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இரண்டாவது டாக்டரிடம் கூடப் போனபோதுதான் புரிந்தது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு இரைக்காமல், எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்காமல், செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள்: "அடிவயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் போகும் டாக்டர். சில நேரம் மயக்கம் வரும்." மைக் பழக்கிய பழக்கம்.

"உங்க வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும், "கொஞ்சம் அழுதிருந்தா என்னக்கா?" என்றேன்.

"அழுதா நடிக்கிறேம்பாங்க. எனக்கு அதுல அனுபவம் இருக்குடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

5

இந்தக் கதைக்குச் சில முடிவுகளை எழுதி அக்காவிடம் காட்டினேன்.

அறுவை சிகிச்சை செய்கிறார்கள், அக்கா பூரண குணம். ("திரும்பியும் வரலாமாம். புளுகாத.")

டாக்டர், "ஸ்கேன் நார்மல்" என்கிறார். அக்கா மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து— ("இது நல்லாருக்கு. ஆனா கேஸ் ஆயிடும்.")

அக்கா இறந்துபோகிறாள். ("என்னைச் சாகடிச்சே, உன்னைக் கொன்னுடுவேன்.")

"பின்ன எப்படித்தான் முடிக்க?"

தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "யாராச்சும் ஒருத்தர், ஆமா உனக்கு வலிக்குதுதான்னு சொன்னா போதும். அப்புறம் அறுக்கறதோ மாத்திரையோ, பாத்துக்கலாம்."

6

இதை மூன்றாவது டாக்டரின் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அக்காவைக் கூப்பிட்டாயிற்று. என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போயிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் நீங்கள் போங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம், டாக்டரின் நாற்காலியில் உட்காருங்கள். கையில் இருக்கும் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே தலை கலையாத ஒரு பெண், கேட்க இனிமையான குரலில், தடுமாறாமல், "வலி தாங்க முடியல டாக்டர்" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.