மேயர் துடைத்த கம்பிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலியோஸ்காலாவின் கூரைகளெல்லாம் சத்தமில்லாமல் தோளுயரத்துக்கு இறங்கின. மாடிகளும் கூடவே இறங்கின. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. உடைந்திருக்கலாம், அந்த ஊருக்கு அது தகும்.

கிரேக்கக் கடலோரத்து அந்த ஊரில் மகள் பிறந்தால் அப்பன் மொட்டைமாடியில் தூண்கம்பிகளை நீட்டி விடுவான். அவள் கல்யாணத்தின்போது மேலே ஒரு மாடி எழும்பும். கல்லிரோயியின் புருஷனும் மகள் எவாந்தியாவுக்காகக் கம்பி விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். எவாந்தியா ஆட்டிசம் உள்ளவள். கூச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். எதற்கும் ஓரிரு சொல்தான் பதில். படகிலிருந்து ஒருமுறை பார்த்த ஊரை ஒரு ஜன்னல் விடாமல் வரைந்துவிடுவாள். இவளை எவன் கட்டுவான், மாடி யாருக்கு என்று காபிக்கடையில் சிரித்த ஜென்மங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கண்ணை மூடுமுன் மகளின் மாடியைப் பார்த்துவிட வேண்டும், கல்லிரோயிக்கு வேறு ஆசை கிடையாது.

ஏதென்ஸ் பத்திரிகை ஒன்று எவாந்தியா வரைந்த படத்தைப் போட்டதும் அதே ஜென்மங்கள் தேன் பலகாரத்தோடு வாசலில் வந்து இளித்தன. மேயர் திராசிவுலோஸ் நகரசபைச் சுவரையே வரையக் கொடுத்தார். அவள் கரித்துண்டால் ஊரை வரைந்தாள், துருக்கம்பி ஒன்று பாக்கியில்லாமல்.

"ஏம்மா, மந்திரி வர்ற இடத்துல இந்தத் துருவையெல்லாமா காட்டுவ?" என்றார் மேயர்.

"இருக்கு," என்றாள் எவாந்தியா.

அந்தக் கலாரசிகர் ஈரத்துணியை எடுத்துக் கம்பிகளைத் தாமே துடைத்தார். எவாந்தியா சுவரில் தான் வரைந்த தன் வீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். விடிந்தபோது அந்த ஒரு வீட்டைத் தவிர ஊரில் எங்கும் கம்பி இல்லை, தூணுக்குள்ளும் இல்லை. தாங்கக் கம்பியில்லாத மற்ற கூரைகளெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இறங்கின.

பழையபடி வரைந்து தரச் சொல்லி ஊரே வந்து நின்றது. கல்லிரோயி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மொதல்ல எம் பொண்ணு மாடிய எழுப்புங்க. அப்புறம் வரைவா."

சிரித்தவர்களெல்லாம் கலவை குழைத்தார்கள். மேயரும் செங்கல் சுமந்தார், அப்போதும் பக்கத்தில் ஒரு புகைப்படக்காரரை வைத்துக்கொண்டு.

மாடி முடிந்ததும் எவாந்தியா ஏறி நின்று ஊரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நகரசபைக்குப் போய், பார்த்ததைச் சுவரில் வரைந்தாள். தோளுயரத்துக் கூரைகள், தன் வீட்டின் புது மாடி, எல்லாம்.

"பழைய மாதிரி போடேன் தாயி," என்று மேயர் கெஞ்சினார்.

"பழசு இல்ல. இதுதான் இருக்கு."

இந்த முறை யாரும் துணியைத் தொடவில்லை. இன்றும் பலியோஸ்காலாவில் வீட்டுக்குள் குனிந்துதான் நடக்கிறார்கள். பழகிவிட்டது, அடுத்த தேர்தலிலும் திராசிவுலோஸையே ஜெயிக்க வைத்தார்கள். கல்லிரோயி மட்டும் நிமிர்ந்தபடி மகளின் மாடிக்கு ஏறிப் போகிறாள். அதன் மேலும் கம்பி விடச் சொல்லியிருந்தாள். வெட்டச் சொல்லி எவனும் வரவில்லை.